அவசர வேளைக்கு ஒரு பக்க அட்டை



சில ஆண்டுகளுக்கு முன் நமது அறக்கட்டளை, ஜமாஅத் நிர்வாகிகளுக்காக 64 பக்கக் கையேடு ஒன்றை வெளியிட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். பிறப்பு, இறப்புப் பதிவு, வாரிசுச் சான்று, விதவை உதவித்தொகை, கல்வி உதவி, மருத்துவக் காப்பீடு என்று பல தலைப்புகள் அதில் இருந்தன. நல்ல தாள், வழவழப்பான மேலட்டை. மஹல்லாவுக்கு ஐந்து பிரதிகள் வீதம் கொடுத்தோம். பலரும் பாராட்டினார்கள். ஒரு கடமை முடிந்தது என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

கடந்த ஆண்டு ஒரு சகோதரி நமது அலுவலகத்துக்கு வந்தார். கணவர் வீட்டிலேயே இறந்து 14 மாதங்கள் ஆகியிருந்தன. வங்கியிலிருந்த சேமிப்பை எடுக்க முடியவில்லை, காப்பீட்டுத் தொகைக்கு விண்ணப்பிக்க முடியவில்லை. இறப்புச் சான்றிதழ் இல்லாததுதான் காரணம். கணவர் இறந்த அன்றிலிருந்து நான்கு மாதம் பத்து நாள் அவர் இத்தாவில் இருந்தார். பிள்ளைகள் பள்ளி வயது. குளிப்பாட்டியது, கஃபனிட்டது, அடக்கியது எல்லாவற்றையும் ஜமாஅத்தே முன்னின்று செய்தது. இறப்பைப் பதிவு செய்வதையும் அவர்களே பார்த்திருப்பார்கள் என்று அந்தச் சகோதரி நினைத்தார். வீட்டார் செய்திருப்பார்கள் என்று ஜமாஅத்தார் நினைத்தார்கள்.

அந்த ஜமாஅத்தின் செயலாளரை அழைத்துப் பேசினோம். பொறுப்பில்லாதவர் அல்லர். பகலெல்லாம் ஒரு நிறுவனத்தில் கணக்கு வேலை, இஷாவுக்குப் பிறகு ஜமாஅத் வேலை என்று ஓடுகிறவர். நமது கையேடு அவருடைய மேசை இழுப்பறையில்தான் இருந்தது. இறப்புப் பதிவு 41ஆம் பக்கத்தில் இருந்தது. "படித்தேன் பாய், ஆனால் மையித் வீட்டில் நிற்கும்போது அது நினைவுக்கு வரவில்லை" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. தவறு எங்கள் பக்கம் இருந்தது. அவருக்குத் தேவைப்பட்ட நேரத்தில், தேவைப்பட்ட இடத்தில், தேவைப்பட்ட அளவில் அந்தச் செய்தியை நாங்கள் கொடுக்கவில்லை.

அதன் பிறகு நாங்கள் யோசித்ததையும் படித்ததையும் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறோம். ஜமாஅத் நிர்வாகிகளுக்கு மட்டுமல்லாமல், நமது இலவச மருத்துவ முகாமுக்கு வரும் மருத்துவர்கள், செவிலியர்கள், சட்ட உதவி தரும் வழக்கறிஞர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், ஆசிரியர்கள் என்று நேரமில்லாமல் பணி செய்யும் அனைவருக்கும் இது உதவும் என்று நம்புகிறோம்.

நோன்பு அட்டை சொல்லும் பாடம்

நல்ல குறிப்பு அட்டை எப்படி இருக்கும் என்று தேடி வெளியே போக வேண்டியதில்லை. ரமளான் பிறப்பதற்கு முன் ஒவ்வொரு பள்ளிவாசலிலும் கொடுக்கப்படும் ஸஹர், இஃப்தார் நேர அட்டையை எடுத்துப் பாருங்கள். தேதி, கிழமை, ஸஹர் முடியும் நேரம், நோன்பு திறக்கும் நேரம். நாளுக்கு ஒரு வரி. நோன்பின் சிறப்புகளோ சட்டங்களோ அதில் விரிவாக இருக்காது. அவற்றுக்கு பயானும் நூல்களும் இருக்கின்றன. சமையலறைச் சுவரில் தொங்கும் அந்த அட்டையை, கையில் கரண்டியோடு நிற்கும் தாய் ஒரு பார்வையில் படித்துவிடுகிறார்.

அதே அட்டையில் இன்னொரு எச்சரிக்கையும் இருக்கிறது. சென்னைக்கு அச்சிட்ட அட்டையைக் கோவையில் வைத்து நோன்பு திறந்தால் தவறாகிவிடும். இரண்டு ஊர்களுக்கும் உள்ள கிழக்கு மேற்குத் தூரத்தால் மட்டும் சூரியன் மறைவதில் சுமார் 13 நிமிட வித்தியாசம் வருகிறது. அதனால்தான் நல்ல அட்டைகளில் எந்த ஊருக்கு, எந்த ஆண்டுக்கு என்று தலைப்பிலேயே போட்டிருப்பார்கள். யாருக்கு, எந்த இடத்துக்கு, எது வரை செல்லும் என்று சொல்லாத அட்டை, அட்டையே இல்லாததைவிட மோசமானது. அதை நம்பி ஒருவர் தவறாகச் செய்துவிடுவார்.

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இன்னோர் உதாரணம் சொல்லலாம். ஷாஃபிஈ சட்டத்தில் அபூ ஷுஜாஃவின் சுருக்கமான மத்ன் ஒன்று இருக்கிறது. அதன் விரிவுரையான ஃபத்ஹுல் கரீபை உஸ்தாது தனியாக நடத்துவார். சுருக்கத்தையும் விரிவையும் நம் முன்னோர் ஒரே நூலுக்குள் திணிக்கவில்லை. நாங்கள் வெளியிட்ட கையேடு இரண்டாகவும் இருக்க முயன்று இரண்டாகவும் இல்லாமல் போனது.

விமானத்திலும் மருத்துவமனையிலும்

இந்த விஷயத்தை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், போயிங் நிறுவனத்தின் மாடல் 299 என்ற நான்கு எஞ்சின் விமானத்தை இராணுவ அதிகாரிகள் முன்னிலையில் ஓட்டிக் காட்டினார்கள். மேலே எழும்பிய சிறிது நேரத்தில் அது விழுந்து எரிந்தது. இருவர் இறந்தார்கள். எஞ்சினில் பழுதில்லை. தரையில் நிற்கும்போது வால் பகுதி காற்றில் ஆடாமலிருக்கப் போட்டிருந்த பூட்டை, புறப்படுவதற்கு முன் எடுத்துவிட மறந்திருந்தார்கள். ஓட்டியவர் அனுபவம் மிகுந்த விமானி.

இனி விமானிகளுக்கு நீண்ட பயிற்சி கொடுக்க வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை. புறப்படும் முன், பறக்கும்போது, இறங்கும் முன், இறங்கிய பின் என்று பிரித்துச் சரிபார்ப்புப் பட்டியல்கள் எழுதினார்கள். விமானம் ஓட்டுவது எப்படி என்று அதில் எழுதவில்லை. அது விமானிக்குத் தெரியும். தெரிந்தவரும் மறக்கக்கூடியவற்றை மட்டும் எழுதினார்கள். பின்னர் பி-17 என்ற பெயரில் அந்த விமானம் 12,000க்கும் மேல் தயாரிக்கப்பட்டது.

மருத்துவத்திலும் இதே வழி பலன் தந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் பெரிய இரத்தக் குழாயில் செலுத்தும் குழாய் வழியாகக் கிருமி பரவி உயிரிழப்பு நேர்வதுண்டு. டாக்டர் பீட்டர் புரோனோவோஸ்ட் அதைத் தடுக்கச் சுருக்கமான ஒரு பட்டியலை வகுத்தார். கை கழுவுதல், தோலை உரிய மருந்தால் துடைத்தல், முழுப் பாதுகாப்பு உடையும் விரிப்பும், முடிந்தவரை தொடைப் பகுதியைத் தவிர்த்தல், தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடுதல். மொத்தம் ஐந்தே விஷயங்கள். ஒரு மருத்துவருக்குத் தெரியாதது இவற்றில் எதுவும் இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் கணக்கை எடுத்து 2006இல் வெளியிட்டபோது, 1,000 குழாய் நாட்களுக்குச் சராசரி 7.7 ஆக இருந்த தொற்று, ஒன்றரை ஆண்டில் 1.4 ஆகக் குறைந்திருந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை சிகிச்சைக்கென்று 19 அம்சங்கள் கொண்ட ஒரு பக்கப் பட்டியலை வெளியிட்டது. அதை வகுத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் அதுல் கவாண்டே. புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் அதைச் சோதித்தார்கள். 2009இல் வந்த முடிவின்படி, அறுவைக்குப் பின் நேர்ந்த மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும், பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தன.

அட்டை தயாரிக்கும் முறை

இவற்றைப் படித்தும், மரணம் நேர்ந்த வீட்டுக்கான ஓர் அட்டையை நாங்களே தயாரித்துப் பார்த்தும் தெரிந்துகொண்டவை இவை.

1. ஆளையும் நேரத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள். "இறப்புப் பதிவு பற்றி" என்று தொடங்கினால் அது கட்டுரையாகிவிடும். "அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து திரும்பும் ஜமாஅத் செயலாளர்" என்று தொடங்கினால் என்ன எழுத வேண்டும் என்பது தானாகத் தெரியும். ஓர் அட்டைக்கு ஓர் ஆள், ஒரு நேரம்.

2. செய்துகொண்டே படிப்பதா, செய்தபின் சரிபார்ப்பதா என்று பாருங்கள். அரிதாக வரும் அவசரத்துக்கு முதல் வகை வேண்டும். நோன்பு நேரத்தில் சர்க்கரை நோயாளி ஒருவர் நடுங்கி வியர்த்து வந்தால் செவிலியர் கையிலிருக்கும் அட்டை, "இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். 70க்குக் கீழ் என்றால் நோன்பை உடனே முறிக்கச் சொல்லுங்கள். விழுங்க முடிந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள்" என்று படிப்படியாகச் சொல்ல வேண்டும். அன்றாடம் செய்யும் வேலைக்கு இரண்டாவது வகை போதும். வழக்கம்போல் செய்துவிட்டு, ஓரிடத்தில் நின்று எல்லாம் ஆயிற்றா என்று பார்த்துக்கொள்வது.

3. ஐந்து முதல் ஒன்பது வரிகளுக்குள் நிறுத்துங்கள். விமானப் பட்டியல் தயாரிப்பவர்கள் சொல்லும் அளவு இது என்று டாக்டர் கவாண்டே எழுதியிருக்கிறார். ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் படிப்பவர் வரிகளைத் தாவத் தொடங்கிவிடுவார். எங்கள் முதல் வரைவில் 23 வரிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் நீக்கும்போது "இதுவும் முக்கியம்தானே" என்று எங்களுக்குள் விவாதம் நடந்தது. "இதை விட்டுவிட்டால் யாருக்கு என்ன நட்டம்? இதைச் சொல்லாவிட்டாலும் அவர்களே செய்துவிடுவார்களா?" என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு ஏழு வரிகளாக்கினோம். நீக்கியவை கையேட்டில் இருக்கின்றன.

4. பேச்சில் உள்ள சொல்லையே போடுங்கள். "பதிவாளரிடம் தெரிவிக்கவும்" என்று எழுதியிருந்தோம். சோதித்துப் பார்த்த சகோதரர் ஒருவர் நிலம் பதியும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று புரிந்துகொண்டார். "வி.ஏ.ஓ." என்று மாற்றியதும் குழப்பம் தீர்ந்தது. "ஆவன செய்க", "உரிய காலத்துக்குள்" போன்ற சொற்களுக்கு அட்டையில் இடமில்லை. எத்தனை நாள், எந்த அலுவலகம், எந்தத் தாள் என்று எழுத வேண்டும்.

5. எழுத்து பெரிதாக, வெள்ளைத் தாளில் கறுப்பாக இருக்கட்டும். வண்ணப் பூ வேலையும், நிர்வாகிகளின் படங்களும் வேண்டாம். நாற்பது வயதைத் தாண்டியவர் கண்ணாடி இல்லாமல், மங்கிய விளக்கில் படிக்க முடிகிறதா என்பதே அளவு.

6. வேலை நடக்கும் இடத்தில் வையுங்கள். எங்கள் அட்டையை எங்கே வைப்பது என்று நெடுநேரம் பேசினோம். அலுவலகச் சுவரில் மாட்டினால் மையித் வீட்டில் அது இருக்காது. ஜமாஅத்தில் கஃபன் துணி, கற்பூரம், அத்தர் எல்லாம் ஒரு பொட்டலமாகத் தயாராக இருக்கும். அந்தப் பொட்டலத்துக்குள் அட்டையை வைத்துவிடலாம் என்று ஒரு முஅத்தின் சொன்னார். மரணம் நேர்ந்த வீட்டுக்கு அந்தப் பொட்டலம் போகாமல் இருக்காது. எங்களுக்கு யாருக்கும் தோன்றாத யோசனை அது.

7. தெரியாதவரிடம் கொடுத்துப் பாருங்கள். எழுதியவர் அருகில் இருந்து விளக்கக்கூடாது. அவர் எங்கே தயங்குகிறார், எதை இரண்டு முறை படிக்கிறார் என்று மட்டும் பார்க்க வேண்டும். மூன்று பேரிடம் கொடுத்தோம். மூன்று முறையும் அட்டை மாறியது.

8. தேதியும் பொறுப்பாளரும் இருக்க வேண்டும். சட்டங்கள் மாறும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 2023இல் திருத்தப்பட்டு, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அச்சிட்ட எங்கள் கையேட்டை யாரும் திருத்தவில்லை. அட்டையின் அடியில் எந்த மாதம் சரிபார்க்கப்பட்டது என்று எழுதுங்கள். புதியது வந்ததும் பழையதைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

எங்கள் அட்டை

பல முறை திருத்திய பின் இப்போதுள்ள வடிவம் இது. மஹல்லாக்கள் தாராளமாகப் படியெடுத்துக்கொள்ளலாம்.

மரணம் நேர்ந்த வீட்டுக்கு (ஜமாஅத் செயலாளர் கையில் இருக்க வேண்டியது)

1. விபத்து, தற்கொலை, சந்தேகம் ஏதேனும் உண்டா? இருந்தால் முதலில் காவல் நிலையம். அதற்கு முன் குளிப்பாட்ட வேண்டாம், அடக்க வேண்டாம்.
2. மருத்துவமனையில் இறந்தவரா? பதிவுக்குத் தகவல் அனுப்பிவிட்டார்களா என்று மருத்துவமனையிலேயே கேளுங்கள்.
3. வீட்டில் இறந்தவரா? கடைசியாகப் பார்த்த மருத்துவரிடம் மரணக் காரணச் சான்று வாங்குங்கள். கட்டணம் இல்லை.
4. ஆதார், வங்கிப் புத்தகம், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் ஒன்றுபோல் உள்ளதா? எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.
5. பதிவு செய்யப் போகிறவர் யார்? பெயர்: ________ செல்பேசி: ________
6. கிராமம் என்றால் வி.ஏ.ஓ. நகரம் என்றால் நகராட்சி அல்லது மாநகராட்சி சுகாதாரப் பிரிவு. கடைசி நாள் (இறந்த நாளிலிருந்து 21 நாள்): ________
7. சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே பெயரைச் சரிபாருங்கள். வீட்டாரிடம் ஒப்படைத்த நாள்: ________

நான்காம் வரி ஏன் என்று சிலர் கேட்டார்கள். முஹம்மது என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறோம். ஒரு தாளில் ஒரு விதமும் இன்னொன்றில் வேறு விதமும் இருந்தால், சான்றிதழ் இருந்தும் வங்கியில் வேலை நடக்காது.

ஐந்தாம் வரிதான் இந்த அட்டையின் உயிர். அந்தச் சகோதரிக்கு நேர்ந்தது அறியாமையால் அல்ல, "அவர் பார்ப்பார்" என்று ஒருவரை ஒருவர் நம்பியதால் நேர்ந்தது. பெயரை எழுதிவிட்டால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. கடைசி நாளைக் கணக்கிட்டு எழுதச் சொல்வதும் அதற்காகத்தான். 21 நாள் என்று அச்சிட்டிருப்பதை மறந்துவிடுவோம், நம் கையால் எழுதிய தேதியை அவ்வளவு எளிதில் மறக்க மாட்டோம்.

இந்த 21 நாட்களுக்குள் தெரிவித்தால் பதிவும் முதல் சான்றும் இலவசம். அதன்பின் 30 நாள் வரை தாமதக் கட்டணம். 30 நாளைத் தாண்டி ஓராண்டுக்குள் என்றால் உரிய அதிகாரியின் எழுத்து அனுமதியும் கட்டணமும் வேண்டும். ஓராண்டைத் தாண்டிவிட்டால் நடுவர் நிலையிலுள்ள அதிகாரியின் ஆணை இல்லாமல் பதிவு செய்ய முடியாது. இந்த விளக்கம் அட்டையில் இல்லை. 21ஆம் நாளுக்குள் போய்விட்டால் இது தேவைப்படாது.

அட்டையால் ஆகாதது

அட்டையை அச்சிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மறுபடியும் நாங்கள் நினைத்துவிடக்கூடாது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைப் பட்டியலைக் கட்டாயமாக்கினார்கள். அதன் விளைவை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டபோது, மரணமோ சிக்கல்களோ குறிப்பிடும்படி குறையவில்லை. உத்தரப் பிரதேசத்தில் 120 மருத்துவ நிலையங்களில் பிரசவப் பாதுகாப்புப் பட்டியலை வைத்து நடந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. பணியாளர்களின் நடைமுறை மேம்பட்டது, ஆனால் தாய், சேய் மரணம் குறையவில்லை. பட்டியலில் கட்டத்தை நிரப்புவது ஒன்று, அந்த வேலையைச் செய்வது வேறொன்று. மருந்தும் ஆளும் கருவியும் இல்லாத இடத்தில் பட்டியல் மட்டும் என்ன செய்யும்?

மிச்சிகனில் பலன் கிடைத்ததற்கு ஐந்து வரிகள் மட்டும் காரணமல்ல. மருத்துவர் ஒரு படியை விட்டுவிட்டால் நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தைச் செவிலியருக்குக் கொடுத்திருந்தார்கள். நமது மஹல்லாக்களுக்கும் இது பொருந்தும். செயலாளர் மறந்தால் முஅத்தினோ, மையவாடிப் பதிவேடு எழுதுபவரோ, "ஐந்தாம் வரியில் இன்னும் பெயர் எழுதவில்லையே" என்று கேட்கலாம். கேட்டவர் மீது வருத்தம் கொள்ளாமல் நன்றி சொல்லும் பழக்கம் நிர்வாகிகளுக்கு வர வேண்டும்.

அந்தச் சகோதரியின் விண்ணப்பத்துக்கு நமது வழக்கறிஞர் ஒருவர் உதவினார். பல நடைகளுக்குப் பின் ஆணை கிடைத்து, சான்றிதழும் வந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இடைப்பட்ட காலத்தில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்காக அவர் நகையை அடகு வைத்திருந்தார். முதல் 21 நாட்களில் ஒருவர் அரை நாள் ஒதுக்கியிருந்தால் அது நேர்ந்திருக்காது.

பொறுப்பு என்பது அமானிதம். அதை நிறைவேற்ற நினைவாற்றலை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. உங்கள் தொழிலில், உங்கள் பணியில் அவசரத்தில் தவறிப்போகும் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓர் அட்டை எழுதிப் பாருங்கள். மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் தயாரித்துத் தந்தால், சோதித்துப் பார்த்து அச்சிட்டு வழங்க அறக்கட்டளை தயாராக உள்ளது. மரண வீட்டுக்கான அட்டை வேண்டும் ஜமாஅத்தார், கஃபன் பொட்டலங்கள் எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். இன்ஷா அல்லாஹ், அத்தனை அட்டைகளும் அனுப்பி வைக்கிறோம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்